மீன் தொடாத மாப்பிள்ளை

கலியாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டோடு வந்த முதல் நாள் பகல் சாப்பாட்டுக்கு ஸைனம்பு விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டிவிட்டாள். மாட்டிறைச்சிப் பொரியல், கோழிக்கறி, இறால், பாரை மீன் ஆணம், அவித்த முட்டை என்று பாயில் சகன் தட்டுகளை வைக்க இடம் போதவில்லை. கிழக்கிலங்கைக் கரையிலுள்ள கல்முனைக்குடியில் பெண் வீட்டில்தான் மாப்பிள்ளை குடியிருப்பார். மருமகனுக்கு என்ன போட்டார்கள் என்பது ஒரே நாளில் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதிலும் ஸைனம்பு மாட்டிறைச்சி ஆக்கினால் அடுத்த வளவுக்காரர்களுக்கும் பசிக்கும் என்று பேரெடுத்தவள்.

அவள் கதவுத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். மருமகன் ஹமீட் வெள்ளைச் சோற்றில் தேங்காய்ப்பாலில் ஆக்கிய கத்தரிக்காய்ப் பாற்கறியை விட்டுப் பிசைந்தான். பருப்பைக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டான். இறைச்சிச் சகனை மெதுவாக மாமனார் பக்கம் தள்ளிவைத்தான். இறாலை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சாப்பிட்டு முடித்து, "கத்தரிக்காய் நல்ல ருசி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

ஸைனம்பு உடனே கணவர் கலந்தரைச் சமையலறைக்கு அழைத்தாள்.

"என்ன கறுமம் இது? மருமகன் ஒண்டையும் தொடல்லியே. உப்புக் கூடிட்டா?"

கல்முனைக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்த கலந்தர் எதையும் நிதானமாகச் சொல்லும் மனிதர். "அவர் மீன் இறைச்சி தின்னமாட்டார் எண்டு அவர்ர உம்மா கலியாணம் பேசக்குள்ளயே சொன்னாவுதான். நான் பகிடி எண்டு நினைச்சிட்டன்."

"அல்லாவே! முட்டை?"

"முட்டையும் இல்லயாம்."

"தயிர்?"

"தயிர், பால் ஒண்டுமில்ல. தேயிலையும் பால் போடாத சும்மா சாயந்தானாம்."

"அப்ப என்னத்தத்தான் தின்னுவாராம்?"

கலந்தர் கொஞ்சம் யோசித்தார். "மத்ததுகள்" என்றார்.

சூறாவளி அடித்து ஊரில் பாதித் தென்னை விழுந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சூறாவளியில் கூரை போனபோதுகூட ஸைனம்பு இவ்வளவு கலங்கவில்லை.

காரணத்தை மகள் றபீக்காதான் கேட்டு வந்து சொன்னாள். ஹமீட்டின் வாப்பாவுக்கு நிந்தவூர்க் கரையில் வலை இருந்தது. இளந்தாரியாக ஹமீட்டும் வலை இழுக்கப் போவான். கரையில் குவிந்து துடித்துக்கொண்டிருக்கும் மீனைத் தினமும் பார்த்துவிட்டு வந்து அதைச் சோற்றோடு உண்ண ஒருநாள் அவனால் முடியாமல் போயிற்று. பிறகு இறைச்சியும், முட்டையும், பாலும் ஒவ்வொன்றாக விட்டுப்போயின. இப்போது நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை. வாய்க்கால் வரம்புகளில் சைக்கிளில் திரிந்து தண்ணீர் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

"மத்தவங்க தின்னுறத்துக்கு அவர் ஒண்டும் சொல்லல்ல உம்மா. அவருக்கு மனசு கேக்குதில்லயாம். அவ்வளவுதான்" என்றாள் றபீக்கா.

தெருவுக்கு அந்த 'அவ்வளவுதான்' போதவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்து ஹாஜறா முதலில் வந்தாள்.

"இது கோயிலுக்குப் போற சைவக்காரங்கட பழக்கமெல்லோ கா? நம்மட ஆக்கள் இப்பிடி இரிக்கலாமா?"

இந்தக் கேள்வி ஸைனம்புவையும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கலந்தரை மௌலவியிடம் அனுப்பினாள். கலந்தர் திரும்பி வந்து சொன்னார்: "ஹலாலான சாமான ஹறாம் எண்டு சொன்னாத்தான் குத்தமாம். தின்னாம உடுறது அவரவர் விருப்பமாம். இறைச்சி தின்னுறது பர்ளு, கட்டாயக் கடமை எண்டு எங்கயும் இல்லயாம்." அந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளில் கலந்தர் மாடு அறுத்துக் குர்பான் கொடுத்தபோது, பங்கு போட்ட இறைச்சியைப் பெட்டிகளில் வைத்து ஏழை வீடுகளுக்குச் சுமந்து போனவன் ஹமீட்தான். அதைக் கண்ட பிறகு மார்க்கப் பேச்சு தெருவில் அடங்கியது. பெலன் பற்றிய பேச்சு அடங்கவில்லை.

"மீனில்லாம ரெத்தம் எங்கால ஊறும்?" என்பாள் ஹாஜறா. "இலை குழை திண்டா ஆம்புளைக்குக் கை காலில பெலன் நிக்குமா? நாளைக்குப் புள்ள குட்டி வேணாமா?"

"யானை என்ன கருவாடா தின்னுது?" என்று கலந்தர் நிதானமாகக் கேட்டார்.

"யானைக்கு வகுறு பெரிசு" என்றாள் ஹாஜறா.

 ஸைனம்புவுக்கும் ஹாஜறாவின் நம்பிக்கைதான். மீனும் இறைச்சியும் இல்லாத சமையல் அவளைப் பொறுத்தவரை சமையலே அல்ல, காய்ச்சல்காரனுக்குப் போடுவது. ஆகவே மருமகனுக்கு அவள் போட்டதும் அப்படித்தான் இருந்தது. குழைந்த சோறு, தண்ணீராய் ஓடும் பருப்பு, அவித்த பூசணிக்காய். மறுநாளும் அதே பருப்பு, பூசணிக்குப் பதிலாகப் பீர்க்கங்காய். வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை ஆனபடியால் ஹமீட் குறை சொல்லவில்லை. போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெயிலுக்குள் போவான்.

மாரி போய் வெயில் ஏறியபோது அவனுடைய கன்னம் ஒட்டிவிட்டது. ஒருநாள் வாய்க்கால் வரம்பில் தலை சுற்றி உட்கார்ந்தவனை வயற்காரர்கள் உழவு மெஷினில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். தெரு முழுக்க வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. "நான் அப்பவே சொன்னன்" என்று ஹாஜறா சொன்னது ஸைனம்புவின் காதில் நன்றாகவே விழுந்தது.

றபீக்கா அழவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு போய் எலிசா மிஸ்ஸியைக் கூட்டி வந்தாள். எலிசா மெதடிஸ்த சபையைச் சேர்ந்த பெண், ஆஸ்பத்திரியில் தாதி, றபீக்காவோடு ஒரே வகுப்பில் படித்தவள். அவள் ஹமீட்டின் கண் இமையை இழுத்துப் பார்த்தாள். நாடி பிடித்தாள். பிறகு ஸைனம்புவின் பக்கம் திரும்பி, "நேத்து என்ன சாப்பிட்டவர்?" என்று கேட்டாள்.

ஸைனம்பு சொன்னாள்.

"அதுக்கு முந்தின நாள்?"

அதையும் சொன்னாள்.

எலிசா சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள். "உம்மா, இதை ஒரு மாசம் சாப்பிட்டா நீங்களும்தான் விழுவீங்க. இறைச்சி இல்லாததால வந்ததில்ல இது. சாப்பாடு காணாததால வந்தது. பயறு, கடலை, கவ்பி, உழுந்து, எள்ளு, கச்சான், முருங்கை இலை, பிலாக்கொட்டை எல்லாம் இந்த ஊரில கிடக்குத்தானே? கீரையில தேசிக்காய் புழிஞ்சு குடுங்க, ரெத்தத்துக்கு நல்லது."

பிறகு ஹமீட்டையும் அவள் விடவில்லை. "நீங்களும்தான் பிழை. ஒண்டை விட்டா அந்த இடத்துக்கு இன்னொண்டு வைக்க வேணுமெண்டு தெரியாதா? மரக்கறியில கிடைக்காத விட்டமின் ஒண்டு இருக்கு. அதுக்குக் குளிசை தாறன், மறக்காமப் போடுங்க."

ஹமீட் வெட்கத்தோடு தலையாட்டினான். மீனை விட்டது அவனுக்கு நன்றாகத் தெரியும். அதற்குப் பதிலாக என்ன உண்ண வேண்டும் என்று அவன் அதுவரை நினைத்தே பார்த்ததில்லை.

அன்றிலிருந்து அவனுடைய சாப்பாட்டை றபீக்கா கையிலெடுத்தாள். காலையில் தேங்காய்ப்பூவும் கச்சான் கடலையும் போட்டு அவித்த பயறு. பகலில் சிவப்பரிசிச் சோறு, கெட்டிப் பருப்பு, பிலாக்கொட்டைக் கறி, முருங்கை இலைச் சுண்டல். வேலைக்குப் போகும்போது அவித்த கவ்பிப் பயற்றுப் பொட்டலம். ஸைனம்பு பக்கத்தில் நின்று இதையெல்லாம் பார்த்தாள். நம்பவில்லை. மிஸ்ஸி படித்த பிள்ளைதான். ஆனால் பயற்றங்கொட்டையால் ஓர் ஆண்பிள்ளை எழுந்து நிற்பான் என்று சொன்னால் யார் நம்புவது?

ஆகவே அவள் ஒரு காரியம் செய்யத் தொடங்கினாள். வீட்டாருக்காக மாட்டெலும்பு ஆணம் காய்ச்சும் நாட்களில், மகள் கிணற்றடிக்குப் போகும் நேரம் பார்த்து, தெளிந்த ஆணச் சாற்றில் இரண்டு அகப்பை எடுத்து மருமகனின் பருப்புச் சட்டிக்குள் ஊற்றிக் கலக்கிவிடுவாள்.  மருந்துதானே, குடிக்க மாட்டேன் என்கிற பிள்ளைக்குத் தேனில் கலந்து கொடுப்பதில்லையா என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

ஹமீட்டின் கன்னம் நிறைந்தது. கண்ணில் ஒளி வந்தது. பழையபடி சைக்கிளில் சீட்டியடித்துக்கொண்டு வரத் தொடங்கினான். ஸைனம்புவுக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை. யாரிடமும் சொல்ல முடியாத பெருமை.

அந்த நேரத்தில்தான் ஊர் விளையாட்டுக் கழகம் ஒன்று தன் ஆண்டு விழாவுக்குச் சைக்கிள் ஓட்டப் போட்டி வைத்தது. கல்முனைச் சந்தியில் தொடங்கித் தெற்கே வெகுதூரத்திலுள்ள திருக்கோவில் போய், திரும்பவும் கல்முனைச் சந்திக்கு வர வேண்டும். போன வருஷம் முதலாவதாக வந்தவன் பளீல். சந்தையில் அவனுடைய வாப்பாவுக்கு இறைச்சிக்கடை. தேங்காய் உரித்தாற்போல் திரண்ட கால்கள் அவனுக்கு. தேநீர்க் கடையில் அவன் ஹமீட்டைப் பார்த்து, "மச்சான், நீங்களும் வாங்களன். ஆனா நிந்தவூரோட நில்லுங்க, உம்மாட ஊட்டுல இறங்கிக் கஞ்சி குடிக்கலாம்" என்றான். கடையே சிரித்தது. ஹமீட்டும் சிரித்தான். சிரித்தபடியே போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தான்.

வீட்டில் அதைச் சொன்னதும் கலந்தர், "தோத்தாலும் பரவாயில்ல மருமகன், கடைசியா மட்டும் வந்திராதீங்க" என்றார். ஸைனம்பு அடுத்த நாளே இன்னும் கொஞ்சம் எலும்பு வாங்கச் சொன்னாள்.

போட்டி நாளில் காலையிலேயே மேற்கிலிருந்து சூடான கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டது. சாரம் கட்டிய ஆண்கள் எல்லாம் சந்திக்குப் போய்விட்டார்கள். ஸைனம்புவின் வீடு பெரிய தெருவோரம். ஓட்டக்காரர்கள் திரும்பி வரும்போது அதைத் தாண்டித்தான் சந்திக்குப் போக வேண்டும். கிடுகு வேலிக்குப் பின்னால் பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். ஹாஜறா ஒரு வாங்கைக் கொண்டுவந்து போட்டு அதன்மேல் ஏறி நின்றாள்.

வெயில் ஏறியது. அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து வந்த பஸ் ஒன்றில் இருந்தவர்கள், வழியில் பலர் மரநிழலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிப் போனார்கள். ஸைனம்பு வாய்க்குள் ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தாள். இந்தச் சனத்துக்கு முன்னால் மருமகன் உழவு மெஷினில் வந்து இறங்கினால் என்ன செய்வது?

"வாறானுகள்!" என்று ஹாஜறா கத்தினாள்.

தெற்கே, தெருவின் புழுதிக்குள்ளிருந்து இரண்டு சைக்கிள்கள் வந்தன. முன்னால் சிவப்புச் சட்டை, அது பளீல். அவனோடு ஒட்டியபடி, ஹான்டிலுக்கு மேலால் குனிந்து, உதடு வெடித்து, சட்டை முதுகோடு ஒட்டிப்போய் ஹமீட். பின்னால் தெரு வெறுமையாகக் கிடந்தது. கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு வேறு யாருமில்லை. வீட்டு வாசலைத் தாண்டும்போது ஹமீட் பளீலுக்குச் சமமாக வந்துவிட்டான். ஸைனம்பு தன்னை மறந்தாள். தலைச்சேலை நழுவியதும் தெரியாமல், "மிதிங்க மருமகன், மிதிங்க!" என்று கத்தினாள். அவனோடு அவள் நேருக்கு நேர் பேசியது அதுதான் முதல் தடவை.

சற்று நேரத்தில் கலந்தர் புடவைக்கடைக்காரர் என்ற மதிப்பையெல்லாம் விட்டுச் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. "ரெண்டாவது! சைக்கிள்ர முன் சில்லு ஒண்டுதான் வித்தியாசம்! ஒரே ஒரு சில்லு! பளீல் இறங்கி நிக்க ஏலாம ரோட்டுல குந்திட்டான். நம்மட மருமகன்தான் கை குடுத்துத் தூக்கினவர்!"

வேலியோரம் பெண்களின் குரவைச் சத்தம் எழுந்தது. அதற்குள் ஹாஜறா வாங்கிலிருந்து இறங்கியபடி சொன்னாள்: "என்னதான் சொல்லுங்க, ஒரு துண்டு இறைச்சி திண்டிருந்தா முதலாவதா வந்திரிப்பாரு."

ஸைனம்புவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எலும்பு ஆணம் போனதடி உள்ளுக்குள்ளே, அந்தப் பெலன்தான் திருக்கோவில் போய் வந்தது என்று சொல்ல வாய் துடித்தது. அடக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அங்கே றபீக்கா கணவனுக்காக இளநீர் வெட்டிக்கொண்டிருந்தாள். ஸைனம்பு கதவைச் சாத்திவிட்டு மகளின் காதோடு சொன்னாள்.

"நீ பயறும் கவ்பியும் எண்டு நினைச்சிட்டிரி. எல்லாம் உன்ட உம்மாட வேலை. எலும்பு ஆணம் காய்ச்சுற நாளெல்லாம் அவர்ர பருப்புக்குள்ள ரெண்டு அகப்பை ஊத்தினன். அதுதான் இண்டைக்குச் சைக்கிள மிதிச்சது."

றபீக்கா கத்தியைக் கீழே வைத்தாள். முகத்தில் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

"தெரியும் உம்மா. முதல் நாளே மணத்துல தெரிஞ்சிற்று."

"தெரியுமா?"

"அந்தப் பருப்ப அவருக்கு நான் ஒருநாளும் போடல்ல. அவருக்கு வேற சட்டியில ஆக்கி அறைக்குள்ள வெச்சிருவன். நீங்க கலக்குற சட்டி வாப்பாக்குத்தான் போறது."

கதவைத் திறந்துகொண்டு வந்த கலந்தருக்கு இது கேட்டுவிட்டது. "அதுதானே பாத்தன்! இந்த வருஷம் பருப்பு என்னத்துக்கு இவ்வளவு ருசி எண்டு!" என்றவர், குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். நான்கு மாதத்தில் அது ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

"ஏன்டி எனக்குச் சொல்லல்ல?" என்று ஸைனம்பு மெல்லக் கேட்டாள்.

"சொன்னா நீங்க வேற வழி பாப்பீங்க."

உண்மைதான். ஸைனம்பு அரிசிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். அப்படியானால் ஒரு சொட்டு ஆணமும் அவன் வயிற்றுக்குள் போகவில்லை. கச்சான் காற்றுக்குள்ளால் திருக்கோவில் போய், தெருவெல்லாம் பின்னால் விழ, பளீலின் தோளோடு தோள் நின்று வந்தது பயறும் பிலாக்கொட்டையும் முருங்கை இலையும்தான். அவற்றைச் சமைத்தது அவள் பெற்ற பிள்ளை. முதலில் வெட்கம் வந்தது. அது இருந்த இடத்திலேயே, வெயில் ஏறுவதுபோல, வேறொன்று ஏறியது. எழுந்து தலைச்சேலையைச் சரிசெய்தாள். நேரே வேலியடிக்குப் போனாள்.

"ஹாஜறா, இஞ்ச கேளு. என்ட மருமகன்ட வகுத்துல மீனுமில்ல, இறைச்சியுமில்ல. நான் அறிஞ்சு சொல்றன். ஒரு துண்டு திண்டிருந்தா முதலாவது எண்டியே, அவருக்குப் பின்னால வந்தவனுகள், வராம வழியில படுத்தவனுகள், எல்லாரும் இறைச்சி திண்டவனுகள்தானே கா?"

பெண்கள் சிரித்தார்கள். ஹாஜறா வாயைத் திறந்தாள். பிறகு அவளும் சிரித்துவிட்டு வாங்கைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஹமீட் வந்து, குளித்து, பாயில் உட்கார்ந்தான். அவன் கையில் பரிசாகக் கிடைத்த வெள்ளிக் கிண்ணம் ஒன்றிருந்தது. ஸைனம்பு திரைக்குப் பின்னால் நிற்கவில்லை. முன்னால் வந்து நின்றாள்.

"மருமகன், ஒரு கதை சொல்லணும். உங்களுக்குத் தெரியாம உங்கட பருப்புக்குள்ள எலும்பு ஆணம் ஊத்தினன். றபீக்கா அத உங்களுக்குப் போடல்ல. அவ காப்பாத்திட்டா. ஆனா நான் ஊத்தினது ஊத்தினதுதான்."

 ஹமீட் கிண்ணத்தைக் கீழே வைத்தான். றபீக்காவைப் பார்த்தான், அவள் தலை குனிந்தாள்.

"நான் அறிஞ்சிருந்தா இந்த ஊட்டுல சோறு திண்டிருக்க மாட்டன் மாமி" என்றான். குரலில் மரியாதை குறையவில்லை, வலி இருந்தது.

"தெரியும் மகன்."

"என்னத்துக்குச் செஞ்சீங்க?"

"வாய்க்காலுக்குள்ள விழுந்து மௌத்தாப் போயிருவீங்களோ எண்டு பயந்துதான்."

அவன் கிண்ணத்தைச் சுவரோரம் தள்ளிவைத்தான். கலந்தர் தொண்டையைச் செருமினார். பிறகு ஹமீட் தன் சகனை மாமியின் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"நீங்களே வந்து சொல்லிட்டீங்க. இனி எனக்கு இந்த ஊட்டுச் சோத்துல பயமில்ல. நல்லாப் பசிக்கிது மாமி, போடுங்க."

ஸைனம்பு தன் கையால் போட்டாள். பிலாக்கொட்டைக் கறியை இரண்டு தடவை போட்டாள். அவன் அதை வழித்துச் சாப்பிடுவதை நின்று பார்த்தாள்.

அதற்குப் பிறகும் அவள் மீன் உண்டாள், இறைச்சி உண்டாள். அவள் ஆக்கும் மாட்டிறைச்சிக்கு இருந்த பேர் குறையவில்லை. ஆனால் மருமகனின் சமையலை மகளிடமிருந்து பாதிக்குமேல் பறித்துக்கொண்டாள். ஆசினிப் பலாக்காயைத் தேங்காய்ப்பாலில் போட்டு இறக்கினாள். எள்ளை வறுத்து இடித்துச் சம்பல் அரைத்தாள். மாசிக் கருவாடு போடாமல் சம்பல் ருசிக்காது என்று நாற்பது வருஷம் நம்பியவள், ஒரு கிழமையிலேயே அதற்கு வழி கண்டுபிடித்தாள். தெருவில் கொஞ்சப் பேர் அந்தச் சம்பலுக்குக் கிண்ணம் கொண்டு வந்தார்கள்.

ஒருநாள் காலை, படலையடியில் பாண்டிருப்பு மரக்கறிக்காரி கூடையை இறக்கிவைத்தாள். ஸைனம்பு குந்தியிருந்து பயற்றங்காயை ஒவ்வொன்றாக எடுத்து முறித்துப் பார்த்தாள். முன்பு மீனின் செவுளை விரித்துப் பார்ப்பாளே, அதே கண்டிப்பு. வாடியதை ஒதுக்கினாள். கீரைக் கட்டை அவிழ்த்து அடியில் பழுத்த இலை இருக்கிறதா என்று பார்த்தாள்.

மரக்கறிக்காரிக்கு அலுப்பு வந்தது. "என்ன உம்மா, அரசாங்க ஏஜன்ட் துரைக்குச் சமைக்கிற மாதிரிப் பொறுக்கிறீங்க? ஆருக்கு இதெல்லாம்?"

ஸைனம்பு நிமிர்ந்தாள்.

"என்ட மருமகனுக்கு" என்றாள். "திருக்கோவில் போய் வந்த சைக்கிள் ஓட்டம் பாக்கல்லியா நீ? ஒரு சில்லுல ரெண்டாவதா வந்தாரே, அவருக்கு. நல்ல காயா எடு."